தண்ணீர் கொட்டும் முன்பே வெளியே வந்த பை: கெலமங்கலம் பக்கத்து லாயத்தில் ஒரு குதிரை ஈற்று

இந்தக் குறிப்பு ஒரு மார்வாடிப் பெட்டைக் குதிரையின் ஈற்றைப் பற்றியது. வயது ஒன்பது. பண்ணை கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கெலமங்கலம் தாண்டி தேன்கனிக்கோட்டை போகும் பக்கம். வீட்டார் பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறவர்கள். குதிரை அவர்களுக்குத் தொழில் இல்லை, ஆசை. இரண்டு பெட்டைகள் இருக்கின்றன, இரண்டுமே அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் லாயத்தை ஒட்டிய அறையிலேயே தங்குகிறார். நான் ஓசூரிலிருந்து போய்வரும் கால்நடை மருத்துவர்.

இதே பெட்டையின் முந்தைய ஈற்றில் குட்டி செத்துப்போனது. விடிகாலையில் தீனி வைக்கப் போனபோது, முழுதாக வளர்ந்த குட்டி சவ்வு மூடியபடி வைக்கோலில் கிடந்தது. எப்போது போட்டது, எவ்வளவு நேரம் முக்கியது, வெளியே வரும்போது உயிர் இருந்ததா, எதற்கும் பதில் இல்லை. நஞ்சுக்கொடியை நாய்கள் இழுத்துப் போயிருந்ததால் அதைப் பார்த்தும் எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்த சினைக்கு லாயத்தில் கேமரா வைத்தே தீர்வது என்று வீட்டம்மா அன்றே முடிவெடுத்துவிட்டார்.

மாட்டோடு பழகிய கண்ணுக்குக் குதிரையின் ஈற்று பிடிபடாது. மாடு கன்று போடும்போது தண்ணீர்க்குடம் உடைந்த பிறகும் கொஞ்சம் அவகாசம் உண்டு. மாட்டின் நஞ்சுக்கொடி கருப்பையோடு மொட்டு மொட்டாக, அழுத்தமாகப் பிடித்திருக்கும். கன்று வெளியே வரும்வரை ரத்த ஓட்டம் பெரும்பாலும் நிற்காது. குதிரைக்கு நஞ்சுக்கொடி கருப்பை முழுக்க மெல்லிசாக ஒட்டியிருக்கும். முக்கல் தொடங்கிவிட்டால் சீக்கிரம் விட்டுப்போகும். அதனால்தான் குடம் உடைந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். 10 நிமிடம் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அரை மணி தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் குட்டியின் உயிரிலிருந்துதான் கழிகிறது.

இதில் இன்னொரு சங்கடம், குதிரை பெரும்பாலும் இரவில்தான் குட்டி போடும். சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தால் முதல் கட்டத்தை ஒத்திப்போடவும் அதனால் முடியும். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டீ குடிக்க எழுந்து போன கொஞ்ச நேரத்தில் குட்டி விழுந்த கதையைக் குதிரை வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை இப்போது கால்நடைப் பண்ணையாக நடக்கிறது. குதிரை ஈற்று இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டுக்கு ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களிடம் முறை வைத்து விழித்திருக்க ஆள் ஏது?

எங்கள் பக்கத்துக்கே உரிய தடை ஒன்றும் உண்டு. கேழ்வரகு கதிர் முற்றும் மாதங்களில் தொடங்கி தை தாண்டியும் தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி காட்டோரங்களில் யானைக் கூட்டம் இறங்கும். ராத்திரி ஒரு மணிக்கு அழைப்பு வந்தால் ரோட்டில் யானை நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணுக்கு அழைத்தாலும் அந்த வண்டியும் இதே ரோட்டில்தான் வர வேண்டும். மருத்துவர் வந்து சேர்வதற்குள் ஈற்று முடிந்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் இங்கே திட்டமிட வேண்டும். கேமராவைப் பற்றி அந்தக் குடும்பத்தோடு பேசியபோது நான் முதலில் சொன்னது இதைத்தான்.

கேமரா வைத்த விதம்

ஈற்று அறை 14 அடிக்கு 14 அடி. ஒரு மூலையில் ஒன்பது அடி உயரத்தில், அறையைக் கோணலாகப் பார்க்கும்படி முதல் கேமராவை மாட்டினோம். சில இரவுகள் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: இந்தப் பெட்டை படுக்கும்போதெல்லாம் பின்புறத்தைக் கேமராவுக்கு நேர் கீழே இருக்கும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. தலையும் முதுகும் தெளிவாகத் தெரியும். பார்க்க வேண்டிய இடம் தெரியாது. அதனால் எதிர்மூலையில் இரண்டாவது கேமரா வந்தது. குதிரைக்கு ஒரு கேமரா போதும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஈற்றுக்கு இரண்டு வேண்டும், எதிரெதிர் மூலையில் வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

லாயத்திலிருந்து வீடு 80 மீட்டர் இருக்கும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் வைஃபையை நம்பாமல் கேபிளையே இழுத்தோம். அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் போகும். எலி கடிக்காமல் இருக்க பிவிசி குழாய்க்குள் விட்டு, குதிரையின் வாய் எட்டாத உயரத்தில் கொண்டுபோனோம். பதிவுப் பெட்டியும் ரூட்டரும் வீட்டு இன்வெர்ட்டரில். இப்படிச் செய்ததில் பெரிய லாபம், இணையம் போனாலும் வீட்டு டிவியில் படம் நிற்காது. அந்தப் பக்கம் 4ஜி சிக்னல் மழைக்கு ஒரு மாதிரி, பனிக்கு ஒரு மாதிரி. இணையத்தை மட்டும் நம்பும் சிம் கேமராவை ஈற்றுக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அசைவு தெரிந்தால் போனில் மணி அடிக்கும் வசதியை இரண்டாம் நாளே அணைத்துவிட்டோம். குதிரை வால் ஆட்டினாலும் அடிக்கும், சிலந்தி கண்ணாடி முன்னால் ஊர்ந்தாலும் அடிக்கும். அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், வலையில் பட்டு ஒளி திரும்பினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். சைஸ் அண்ணன் தினம் சாயங்காலம் ஒட்டடைக் குச்சியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். பதிவுப் பெட்டியின் கடிகாரத்தையும் போன் நேரத்தோடு பொருத்தி வைத்தோம். பிற்பாடு நிமிடக் கணக்கு பார்க்க உதவியது அதுதான்.

ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்று. படுக்கைக்குப் புழுதி குறைவான நெல் வைக்கோல். கேழ்வரகுத் தாள் மாட்டுக்குத் தீவனமாகப் போய்விட்டது.

பழக்கத்தைப் படித்த வாரங்கள்

கேமராவின் பெரிய பயன் ஈற்று நாளன்று கிடைப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வீட்டம்மா தினம் இரவு சமையல் முடித்து டிவியில் அந்தப் படத்தை ஓடவிட்டு, ஒரு நோட்டில் எழுதிவந்தார். எப்போது தீனியை விட்டு நகர்கிறது, எந்தக் காலை மாற்றி நிற்கிறது, எத்தனை மணிக்குப் படுக்கிறது, எவ்வளவு நேரம் படுத்திருக்கிறது. இந்தப் பெட்டைக்கு நள்ளிரவு தாண்டி ஒரு தடவை, விடியும் முன் ஒரு தடவை படுக்கும் வழக்கம். பத்து மணிக்கு முன்பு அது படுத்ததே இல்லை. தீனி தீரும்வரை தொட்டியை விட்டு நகர்ந்ததும் இல்லை. ஒரு குதிரையின் இயல்பு இப்படிக் கைக்கு வந்துவிட்டால், இயல்பு மாறும் நேரம் தானாகவே கண்ணில் படும்.

மடி மூன்று வாரமாகக் கனத்து வந்தது. கடைசி வாரத்தில் தினம் மாலை சில சொட்டுப் பால் எடுத்து பிஎச் தாளில் பார்த்தோம். ஏழுக்கு மேல் இருக்கும்வரை அன்றிரவு ஈற்று வராது என்று ஓரளவு தைரியமாகத் தூங்கலாம். ஏழுக்குக் கீழே இறங்கிவிட்டால் விழித்திருக்க வேண்டும். 336ஆம் நாள் காம்பு நுனியில் மெழுகு கட்டியது. 338ஆம் நாள் மாலை பிஎச் 6.4. குதிரைக்குச் சினைக்காலம் சராசரியாக 340 நாள், 320 முதல் 365 வரை போகலாம். இந்த அகலத்தில் தேதியை மட்டும் பார்த்து எதுவும் செய்ய முடியாது. பாலும் மெழுகும் சேர்ந்து சொன்னால் நம்பலாம்.

கவலை தந்த விஷயம் ஒன்றும் இருந்தது. ஒன்பதாம் மாத வாக்கில் வால் முடியில் கொஞ்சம் சளி போன்ற கசிவு ஒட்டியிருந்ததை சைஸ் அண்ணன் பார்த்துச் சொன்னார். நஞ்சுக்கொடி அழற்சி என்று சந்தேகித்து மருந்து கொடுத்தேன், கசிவு நின்றது. ஆனால் அழற்சி வந்த நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப் பக்கத்தில் தடித்துப்போயிருக்கலாம், ஈற்றில் கிழிய வேண்டிய இடத்தில் கிழியாமல் போகலாம். முந்தைய குட்டி சவ்வுக்குள்ளேயே செத்த கதையும் சேர்ந்ததால், வீட்டம்மா, சைஸ் அண்ணன் இருவரையும் உட்கார வைத்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த விஷயம் இது. குட்டியைச் சுற்றி இரண்டு பை உண்டு. வெளிப்பைதான் நஞ்சுக்கொடி. ஒழுங்கான ஈற்றில் அது உள்ளேயே கிழிந்து, பல லிட்டர் தண்ணீர் கொட்டும். அதன் பிறகுதான் உள்பை வெளியே வரும்: வெள்ளை, நீலம் கலந்த பளபளப்பு, மெல்லிசு, உள்ளே குட்டியின் கால் தெரியும். முன்னங்கால்கள் இரண்டும், ஒன்று கொஞ்சம் முந்தி, குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்து, மேலே மூக்கு. தண்ணீர் கொட்டாமலே ஒரு பை வெளியே வந்து, அது சிவப்பாக, வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து குட்டிக்கு மூச்சு இல்லை. யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. பையைக் கிள்ளிப் பிடித்து, முனை மழுங்கிய கத்தரியால் வெட்டி, உள்பையையும் திறந்து, குட்டியை எடுக்க வேண்டும்.

கத்தரி, துண்டுகள், கையுறை, தொப்புளுக்குக் குளோர்ஹெக்சிடின் எல்லாம் மூடி போட்ட ஒரு வாளியில், அறைக் கதவுக்கு வெளியே மாட்டியிருந்தது.

அன்றிரவு

மார்கழிக் குளிர். இரவு 9.50க்குப் பெட்டை பாதித் தீனியில் தொட்டியை விட்டு நகர்ந்தது. வீட்டம்மா நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும், வாலைத் தூக்குவதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாணி போடுவதும் பதிவில் இருக்கிறது. 11.20க்குப் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. கழுத்தில் வேர்த்து முடி ஒட்டியிருந்தது. வீட்டம்மா எனக்குப் போன் செய்து சொன்னார். சைஸ் அண்ணனும் எழுந்து தன் அறையில் இருந்தார். யாரும் லாயத்துக்குள் போகவில்லை. பெட்டைக்குத் தான் தனியாக இருப்பதாக இருக்கட்டும் என்று விட்டோம். நான் வண்டிக்குள் பொருட்களை எடுத்து வைத்துவிட்டு ரோட்டைப் பற்றி விசாரித்தேன். ஒரு வளைவில் யானைகள் கடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

12.38. பெட்டை பக்கவாட்டில் படுத்து முக்கியது. இரண்டாவது கேமராவில் வாலுக்கடியில் ஒரு பை தெரிந்தது. நான் போனில் பார்த்துக்கொண்டிருந்த படம் அந்த நேரத்தில் உறைந்து நின்றுவிட்டது, குரல் மட்டும் வந்தது. வீட்டம்மா இன்னொரு போனில் சைஸ் அண்ணனிடம் பேசியது எனக்கும் கேட்டது.

“அண்ணா, பை தெரியுது. தண்ணி கொட்டல. கால் தெரியல. போய் லைட்டப் போடுங்க.”

அவர் பார்த்த படத்தில் அந்தப் பை சிவப்பாகத் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் படம் கறுப்பு வெள்ளைதான். அதிலும் நம் கண்ணுக்குச் சிவப்பாக இருப்பது அந்த ஒளியில் பெரும்பாலும் வெளிறித் தெரியும். பதிவைப் பின்னால் நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். பை வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த ‘சிவப்புப் பை’யை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், இது வெள்ளைப் பை, எல்லாம் சரியாக நடக்கிறது என்று எவரும் நினைத்திருப்பார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பளபளப்பு இல்லை. உள்ளே எதுவும் தெரியாத தடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் தண்ணீர் கொட்டவில்லை, வைக்கோல் காய்ந்தே கிடந்தது. அந்த அம்மா நிறத்தைப் பார்க்காமல் தண்ணீரையும் காலையும் பார்த்தார். குட்டி பிழைத்தது அதனால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சைஸ் அண்ணன் அறையிலிருந்து நாலு எட்டில் போய் சுவிட்சைப் போட்டார். “சிவப்புதான் டாக்டர், வெல்வெட்டு மாதிரி!” என்று அவர் கத்தியது போனில் கேட்டது. வெட்டச் சொன்னேன். பதிவில் 12.40க்குக் கத்தரி படுகிறது, தண்ணீர் பீறிட்டு வருகிறது. உள்பையைக் கையாலேயே கிழித்தார். ஒரு முன்னங்கால், அடுத்தது, மூக்கு. நிலை சரியாக இருந்தது நம் அதிர்ஷ்டம். பெட்டை முக்கும்போது மட்டும், பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்வாக்கில் இழுக்கச் சொன்னேன். முக்கல் நின்றால் கையும் நிற்க வேண்டும். 12.51க்குக் குட்டி முழுதாக வெளியே வந்தது. ஆண் குட்டி.

மூச்சு உடனே வரவில்லை. மூக்கைத் துடைத்து, துண்டால் விலாவை அழுத்தித் தேய்த்து, மூக்குத் துவாரத்தில் வைக்கோல் நுனியை விட்டுச் சீண்டினார். தும்மியது, பிறகு இழுத்து மூச்சு விட்டது. நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்தார். தொப்புள்கொடியை யாரும் வெட்டவில்லை. பெட்டை எழுந்தபோது தானாக அறுந்தது. தொப்புளை மருந்தில் நனைத்தார்கள்.

யானைகள் கடந்த பிறகு நான் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது 1.45. பையை வெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மருத்துவரை எதிர்பார்த்து அந்தக் கை தயங்கியிருந்தால் நான் போய்ப் பார்த்திருப்பது செத்த குட்டியைத்தான். கேமரா நிமிடத்தைத்தான் சொல்லும். அந்த நிமிடத்துக்குள் லாயத்துக்கு எட்டும் தூரத்தில், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு கை வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு போனில் லாயத்தைப் பார்க்கும் பண்ணைக்காரர்கள் இப்போது அதிகமாகிறார்கள். அவர்களிடம் இதை நான் மன்றாடியே கேட்கிறேன்: உங்கள் கண் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, லாயத்துப் பக்கத்தில் யாருடைய கை இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நஞ்சுக்கொடி 2.25க்கு விழுந்தது. மூன்று மணி நேரத்துக்குள் விழாவிட்டால் கருப்பைச் சீழும், அதைத் தொடர்ந்து குளம்பு அழற்சியும் வரும் அபாயம் இருக்கிறது, அந்தக் கவலை தீர்ந்தது. தரையில் விரித்து, கருப்பையின் இரு கிளைகளில் ஒட்டியிருந்த இரண்டு கொம்பும் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தேன், துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை. கருப்பை வாய்ப் பக்கம் மட்டும் தடித்து, நிறம் மாறி, பழுப்புக் கசிவோடு இருந்தது. கிழியாமல் போனதற்குக் காரணம் கையிலேயே இருந்தது.

குட்டி பால் குடிக்கவில்லை

பிறந்து ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சு விழ வேண்டும். குதிரைக்காரர்கள் கை விரலில் எண்ணிவைத்திருக்கும் கணக்கு இது. இந்தக் குட்டி 2.05க்குத்தான் நின்றது, ஒரு மணி நேரம் கடந்து. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டாலும், அடுத்து நடந்ததை விட முடியாது.

நேரில் பார்த்தபோது குட்டி தாயின் வயிற்றடியில்தான் நின்றது, வாயை அசைத்துக்கொண்டுதான் இருந்தது. பார்த்த எல்லோருக்கும் பால் குடிப்பதாகவே பட்டது. நாங்கள் வெளியே வந்து தாயையும் குட்டியையும் தனியே விட்டு, டிவியில் பார்த்தோம். தூரத்திலிருந்து நிதானமாகப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. குட்டி தாயின் முன்னங்கால் இடுக்கை நக்குகிறது, சுவரை நக்குகிறது, தொட்டியின் விளிம்பைச் சப்புகிறது. மடிக்கு வருகிறது, மோதுகிறது, காம்பைப் பிடிக்காமல் விலகுகிறது. ஒரு தடவைகூடத் தொடர்ச்சியாக உறிஞ்சவில்லை. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தபோது தாயின் மடி கல் மாதிரி இறுகியிருந்தது, குட்டியின் நெற்றியில் பால் காய்ந்திருந்தது. காம்பைப் பிடிக்கத் தெரியாத குட்டியின் நெற்றியில்தான் பால் வழியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறக்கும் நேரத்தில் மூச்சு தடைபட்ட குட்டிகளுக்கு இது வரும். முதலில் சரியாக இருப்பதுபோலத் தெரியும். சில மணி நேரத்திலோ, ஒரு நாள் இரண்டு நாளிலோ, தாயை அடையாளம் தெரியாமல், உறிஞ்சத் தெரியாமல், சுவரைச் சுற்றித் திரியும். வலிப்பு வரைக்கும் போகலாம். குதிரைக் குட்டிக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் இருக்கும்போது அதற்கு வந்து சேர்வதில்லை, சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளுக்குள் நின்றுபோகும். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடும் இரவில்தான் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. சிகிச்சை எல்லாம் கொடுத்தும் மூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி பரவிச் செத்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல முதல் இரவில் குடித்ததாக வீட்டார் நம்பிய குட்டிகள்.

சீம்பாலைக் கறந்து, அதன் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் பார்த்தேன், 24 காட்டியது. நல்ல சீம்பால். உறிஞ்சும் பலம் இல்லாத குட்டிக்குப் பாட்டிலில் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, நாலு மணிக்கு முதல் கால் லிட்டர் கொடுத்தேன். பிறகு மணிக்கொரு தடவை அதே அளவு, காலை ஒன்பது வரை. குழாயை மூக்கிலேயே பொருத்தி விட்டதால் அடுத்த தடவைகளில் குட்டியைப் பிடித்து அலைக்கழிக்க வேண்டியிருக்கவில்லை. நஞ்சுக்கொடியில் அழற்சி இருந்ததால் குட்டிக்கு ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கினேன். நிலைமை மோசமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டியும் பேசி வைத்திருந்தோம்.

18 மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, குளூட்டரால்டிஹைடு கலந்து உறையும் நேரம் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் கெட்டியானால் எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு நிமிடத்தில் உறைந்தது. லாயத்து வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் குட்டி முதல் தடவையாக ஒழுங்காகக் காம்பைப் பிடித்தது. அதையும் முதலில் பார்த்தது கேமராவில்தான். அதற்குப் பிறகு வீட்டம்மா நோட்டில் வேறு கணக்குத் தொடங்கினார்: மணிக்கு எத்தனை தடவை குடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம். நல்ல குட்டி முதல் நாட்களில் மணிக்குப் பல தடவை குடிக்கும். இரண்டாம் இரவில் மூன்று, நாலு என்று இருந்தது, மூன்றாம் இரவில் ஆறு, ஏழு ஆனது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் குழாயை எடுப்பது என்று முடிவு செய்தேன். என் கைபேசிக்கு வந்த படத்தைவிட அவர் எழுதிய பக்கங்கள் எனக்கு அதிகம் உதவின.

லாயத்தில் மாற்றியவை

ஈற்று அறை விளக்கின் சுவிட்ச் அறைக்குள், கதவுக்குப் பின்னால் இருந்தது. அன்றிரவு சைஸ் அண்ணனுக்கு இருட்டில் பழகிய கை, தடவிப் போட்டுவிட்டார். அதை வெளியே, வாளிக்குப் பக்கத்தில் மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டார்கள். கூடவே இரவு முழுக்க எரியும் மங்கிய மஞ்சள் பல்பு ஒன்றை மேலே போட்டிருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்திலும் நிறம் காட்டும் கேமராக்கள் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றை அப்படி மாற்றினால் நிறம் தெரியும், நிறம் தெரிந்தால் சந்தேகம் குறையும். கண் கூசும் வெள்ளை விளக்கு மட்டும் வேண்டாம். பெட்டை அமைதியிழந்து ஈற்றைத் தள்ளிப்போட அது ஒன்றே போதும்.

கேமராவில் ஒலியும் வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். தண்ணீர் கொட்டும் சத்தம், பெருமூச்சு, குட்டி வைக்கோலில் புரளும் சரசரப்பு இவை படத்துக்கு முன்னால் காதுக்கு வரும். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் கண் அசந்தாலும் காது விழித்திருக்கும். விழித்திருப்பது ஒரே ஆளாகவும் இருக்கக் கூடாது. இந்த வீட்டில் அம்மா பத்திலிருந்து இரண்டு வரை, மகன் இரண்டிலிருந்து விடியும்வரை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பை வந்த நேரம் அம்மாவின் முறை.

குட்டிக்கு இப்போது நான்கு மாதம். தாயோடு ஓடுகிறது, எடை வயதுக்குத் தக்கபடி இருக்கிறது, நரம்புக் கோளாறு எதுவும் தெரியவில்லை. பெட்டைக்குக் கருப்பையைக் கழுவி, குட்டி போட்டபின் வரும் முதல் பருவத்தில் சேர்க்காமல் விட்டோம். கருப்பை வாய் முழுதாக மூடுகிறதா, பிறப்புறுப்பின் அமைப்பில் அழுக்கும் காற்றும் உள்ளே போகும்படி ஏதேனும் தளர்வு இருக்கிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும். இருந்தால் மேல்பகுதியில் ஒரு சிறு தையல் போட வேண்டியிருக்கும். அது முடிந்த பிறகே அடுத்த சேர்க்கை. அடுத்த சினையில் ஏழாம் மாதம் தொடங்கி, மாதம் ஒரு தடவை நஞ்சுக்கொடியின் தடிப்பை ஸ்கேனில் அளப்பது என்று வீட்டாரோடு பேசி வைத்திருக்கிறோம்.